எழுத்துல குடு

நான் தமிழில் எழுதிப் பிழைக்கிறவன். மூன்றாவது படிக்கும் என் மகளோ பலகையைப் பார்த்து எழுதுவாள். சொந்தமாக ஒரு வரி எழுதமாட்டாள். "அடுத்த வருஷம் வேற மொழிக்கு மாத்திடுங்க சார், மார்க்காவது வரும்" என்றார் தமிழ் டீச்சர். எனக்குச் சோறு இறங்கவில்லை. பாண்டி பஜாரில் படக்கதைகளும் வாசனை ரப்பரும் வாங்கிக் கொடுத்தேன். ரப்பரை மட்டும் முகர்ந்தாள். நான் எழுதிய கதையை வாசித்துக் காட்டினேன், தூங்கிவிட்டாள். அந்த விளைவு எனக்குப் புதிதில்லை.

அபிராமபுரத்தில் எங்கள் அடுக்குமாடிச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். வேறு யாரும் சம்மதிக்கவில்லை. யாருடைய காரிலோ கீறல் விழுந்தது என்று கார் நிறுத்தும் இடத்தில் சைக்கிள் ஓட்டத் தடை போட்டோம்.

"அப்பா, நீதானே செக்ரட்டரி. ஓட்டலாம்னு சொல்லேன்."

எல்லோருக்கும் சொல்கிற பதிலைத்தான் சொன்னேன்: "எதுவானாலும் எழுத்துல குடு." அதில் கல்விக் கொள்கை எதுவும் இல்லை, சோம்பல்தான்.

அரை மணியில் ஒரு தாள் வந்தது: 'சைகில் ஓட்டனும்.' என் கை சிவப்புப் பேனாவைத் தேடியது. மனைவி அதை எடுத்து ஒளித்துவிட்டாள். அதனால் வெறுமனே கேட்டேன்: "எந்த நேரத்துல?" போனாள், எழுதி வந்தாள். "கார்ல இடிச்சா?" மறுபடி போனாள். நான்காவது முறை சமையலறையிலிருந்து குரல் கேட்டது: "அம்மா, கீறலுக்கு எந்த ற?" வாழ்நாளில் அவள் கேட்ட முதல் எழுத்துச் சந்தேகம். நான் பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்றாள். "வாயால சொன்னா போதாதா பாப்பா?" என்றார் மூன்றாம் மாடி மாமா.

"எழுத்துல இருந்தாதான் எடுத்துப்பாங்களாம், மாமா."

வரிக்கு அடியில் விரலை ஓட்டி வாசித்தாள். ஒரு சொல்லில் தடுக்கினாள். திரும்பிப் போய் அதைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தாள். "மாலை ஐந்து முதல் ஆறு வரை கார்கள் ஆபீசில் இருக்கும். ஒரு கார் மட்டும் எங்கும் போகாது. அது என் அப்பாவின் கார். அதைத் தெருவில் நிறுத்தினால் யார் காரிலும் கீறல் விழாது."

ஏகமனதாக நிறைவேறியது. என் மனம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

திங்கட்கிழமை அந்தத் தாளை டீச்சரிடம் நீட்டினேன். இரண்டு தடவை படித்தார்.

"இவளே எழுதினதா சார்?"

"என் கார் தெருவுல நிக்குது, டீச்சர்."

"அப்ப இவ தமிழ்லயே இருக்கட்டும்" என்றார்.