டாப் மூடாத கார்

வெயிலில் நின்ற சிவப்பு ரெக்சின் இருக்கையின் சூடு பாவாடையைத் தாண்டி ஏறியதும், பெட்ரோல் வாடையோடு சம்பங்கி மணந்ததும் இன்னும் நினைவிருக்கின்றன. பின்புறம் மீன் துடுப்புபோல் இரண்டு தகடுகள் நிமிர்ந்த, கூரை மடங்கிய அந்த வெள்ளை அமெரிக்கக் காரை மைசூரில் எங்கள் தெருக்காரர்கள் "படகு" என்றார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு வரும். எனக்கு ஒன்பது வயதானபோது அக்கா கல்யாணத்துக்கு வந்தது.

அக்ரஹாரத்துப் பிள்ளையார் கோயில் வாசலில் நான்கு மணியிலிருந்து கார் நின்றது. கொள்ளேகாலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வர வேண்டும். ஆறு மணிக்கு எதிர்க்கடைத் தொலைபேசியில் மாப்பிள்ளையின் சித்தப்பா பேசினார். கல்யாணம் வேண்டாமென்று எழுதி வைத்துவிட்டு மாப்பிள்ளை எங்கோ போய்விட்டார் என்பது பிள்ளைகளான எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்பா ரிசீவரை வைத்துவிட்டு வந்து டிரைவரிடம், "டாப்பை மூடுப்பா" என்றார்.

"ஆகல்ல சார். மோட்டார் போயி வருஷமாச்சு."

"கையால இழு."

"கிழிஞ்சிரும் சார்."

அவ்வளவு நீளமான காரை அந்தத் தெருவில் திருப்பவும் முடியாது. மூன்று தெரு தாண்டி, அக்கா காத்திருந்த மண்டபத்தின் வாசல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். பூச்சரம் தொங்கும் காரை வெறுமையாக அனுப்ப அப்பாவுக்கு மனமில்லை போலும். "ஏறுங்க, எல்லாரும் ஏறுங்க" என்றார். ஏழு பிள்ளைகள் ஏறினோம். மாப்பிள்ளை இடத்தில் நான். யாரும் நிறுத்தச் சொல்லாததால் நாகஸ்வரக்காரர்கள் வாசித்துக்கொண்டே முன்னால் நடந்தார்கள்.

"மதுமக எல்லி?" என்று வாசல்களில் நின்றவர்கள் கன்னடத்தில் மாப்பிள்ளையைத் தேடினார்கள். காரோடு நடந்த அப்பா ஒவ்வொரு வாசலுக்கும் "பின்னால வராரு" என்றார். நான் கையசைத்தேன்.

மண்டபப் படியில் ஆரத்தித் தட்டோடு பெண்கள். அவர்களுக்குப் பின்னால் அக்கா. என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். மேளம் நின்றது.

"டாப் மூடலம்மா" என்றார் அப்பா.

"சரிப்பா" என்று அக்கா உள்ளே போனாள்.

மண்டபம் இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை. அந்தத் தெருக்களில் காரில் மாப்பிள்ளை அழைப்பைப் பார்த்துப் பல வருடங்களாகின்றன. போன ஞாயிறு பழைய கார்களின் கண்காட்சியில் அதே வண்டி நின்றது. பதிவு எண்ணைக் கொண்டு உறுதி செய்துகொண்டேன். இருக்கைகள் இப்போது பழுப்பு. படமெடுத்து, நஞ்சன்கூட்டில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பினேன். பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது: "டாப் மூடுதா?"

உரிமையாளரைக் கேட்டேன். பொத்தானை அழுத்தினார். கூரை எழுந்து, துணி விரிந்து, முன்கண்ணாடியின் விளிம்பில் வந்து பொருந்தியது.

"மூடுது" என்று எழுதினேன்.