மூக்கு போன பிறகும் மூடாத கடை

தெருமுனைக் காபிக் கடைக்காரியை ஊரே அக்கா என்றுதான் கூப்பிடும். ஆறு மேசை, ஒன்றுக்கொன்று பொருந்தாத நாற்காலிகள், பின்கட்டில் கொட்டை வறுக்கிற இரும்பு உருளை. வாசனையை வைத்தே பதம் பார்த்து இறக்குவாள். அந்த விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு வாரம் காய்ச்சலில் படுத்து எழுந்தபோது மூக்கு சுத்தமாகச் செத்துப் போயிருந்தது. திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். பஸ் ஓட்டுகிற வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. கடிகாரத்தைப் பார்த்து வறுத்தாள். கோப்பைகள் பாதி குடித்தபடியே திரும்பி வந்தன. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவளைத் தின்றது.

ஐந்தாம் நாள் எதிர்க்கடைத் தையல்காரர் தயங்கித் தயங்கி வந்தார். "அக்கா, கோச்சுக்காதீங்க. நாலு நாளா காபி தீஞ்சு வருது."

சமாளித்திருக்கலாம். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "மூக்கு போயிடுச்சு தம்பி. இப்ப எனக்குக் காபியும் ஒண்ணுதான், வெந்நீரும் ஒண்ணுதான்." கடை முழுக்கக் கேட்கும்படியே சொன்னாள்.

மறுநாள் விடிந்ததும் அவளுக்குப் பதில் வாசனை பார்க்கத் தையல்காரர் பின்கட்டில் வந்து நின்றார். தினமும் அங்கே காபி குடிக்கிற நர்ஸ் ஒருத்தியும் ஆஸ்பத்திரி ராத்திரி வேலை முடிந்து பையோடு வந்து நின்றாள்.

"போதும், இறக்குங்க," என்றாள் நர்ஸ்.

"இது பச்சை வாடைம்மா. இன்னும் கொஞ்சம் போகட்டும்," என்றார் அவர்.

இரண்டு மூக்கும் இரண்டு திசையில் இழுத்தன. அக்காவுக்கு வந்த சிரிப்பில் கண் கலங்கிவிட்டது. அவர்கள் சண்டை பிடிக்கிற நேரத்தில் அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். கொட்டை முதலில் படபடவென்று வெடிக்கும். பிறகு அடங்கும். மறுபடி மெல்லப் பொரியத் தொடங்கும்போது இறக்கினால் இருவருமே வாயை மூடிக்கொள்வார்கள். மூன்று மாதத்தில் காதாலேயே வறுக்கப் பழகிவிட்டாள். முதல் கோப்பை மட்டும் தினம் ஒருவர் கைக்குப் போனது. அவர் தலையாட்டிய பிறகே மற்றவர்களுக்கு.

மூக்கு திரும்பவே இல்லை. ஒரு நாள் விலைப்பலகையின் கீழே அவளே எழுதினாள்: "கடைக்காரிக்கு வாசனை தெரியாது. குறை இருந்தால் முகத்துக்கு நேராகச் சொல்லவும்."

"இதையெல்லாம் யாராவது போர்டுல எழுதுவாங்களா?" என்று வீட்டுக்காரர் தலையில் கை வைத்தார்.

"நான் எழுதுவேன். என் கடை."

போன வாரம் புதிதாக வந்த ஒருவர் அதைப் படித்துவிட்டு வாசலிலேயே நின்றார். உள்ளே இருந்து நர்ஸ் தன் கோப்பையைத் தூக்கிக் காட்டினாள். "தைரியமா வாங்க சார். இன்னிக்கு நான் பாத்தாச்சு."

அக்கா ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. நிமிர்ந்து நின்று, அடுத்த ஈடு கொட்டை வெடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.