சல்லடையில் அள்ளிய சிக்னல்

அந்தத் தையற்கூடத்தில் அவள் கையில் சிக்கிய சட்டை எதுவும் சும்மா தப்பியதில்லை. ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும், பொத்தான் காஜா நூலளவு கோணலாக இருந்தாலும், தைத்தவர் மேஜைக்கே திரும்பிப் போய்விடும். பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காது. காதுக்கும் சேர்த்துக் கண் வேலை செய்கிறது என்று கூட வேலை செய்பவர்கள் சொல்வார்கள். அவளுக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. "எல்லாருக்கும் இருக்கிற அதே கண்தான். நான் பாக்கறேன், நீங்க பாக்கறதில்ல" என்று கையாலேயே பதில் சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுப்பாள்.

வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். இரண்டு மருமகள்களில் இளையவள். மூத்த மருமகள் பெரியவள். ஒரே காம்பவுண்டுக்குள் முன்வீட்டில் பெரியவள் குடும்பம், பின்வீட்டில் சின்னவளும் அவள் கணவரும். இரண்டுக்கும் நடுவே ஒரு சிமெண்ட் தளம், அதன் குறுக்கே ஒரு துணிக்கொடி. கணவர் சலூன் வைத்திருந்தார். கத்தரிக்கோலுக்கு முன்னால் அவர் வாய்தான் ஓடும். அப்படிப்பட்ட வாயாடிக்கு இப்படியொரு பெண்டாட்டியா என்று ஊரே சிரித்தது. அவரோ கல்யாணமான கையோடு கைப்பேச்சைக் கற்றுக்கொண்டார். இலக்கணம் சுத்தமாகக் கிடையாது. "சோறு வேணும்" என்பதற்குப் பதில் "கழுதை வேணும்" என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். ஆனாலும் விடாமல் பேசினார். அதுதான் அவளுக்குப் பிடித்தது.

சின்னவளுக்கு உலகத்தில் மனம்விட்டுப் பேச ஒரே ஆள் அவள் தங்கைதான். அவளுக்கும் காது கேட்காது. சின்ன வயதில் இருவரும் தங்களுக்கென்று ஒரு கைமொழியே உண்டாக்கி வைத்திருந்தார்கள். தங்கை இப்போது வேறு ஊரில். அவள் புருஷன் தச்சர், அவருக்கும் கேட்காது. மற்றவர்கள் போனைக் காதில் வைத்துக்கொண்டு கதை பேசலாம். இவர்களுக்கு வீடியோ இருந்தால்தான் பேச்சு. படம் நின்றால் வாக்கியம் நின்றது. படம் கலைந்தால் சொல்லே மாறிப்போனது.

படம் கலைவதுதான் வழக்கமாக இருந்தது. இன்டர்நெட் இணைப்பு முன்வீட்டில். பாஸ்வேர்டைப் பெரியவள் கொடுத்திருந்தாள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பின்வீட்டுக்குள் வரும்போது சிக்னல் தடியூன்றித்தான் வந்தது. சுற்றிலும் உயரமான கட்டடங்கள் என்பதால் மொபைல் டேட்டாவும் கைகொடுக்கவில்லை. ஒயர் இழுக்கலாமென்றால் வீட்டுச் சொந்தக்காரர் சுவரில் ஆணி அடிக்கவே விடமாட்டார்.

ஒருநாள் முன்வீட்டுப் படியில் உட்கார்ந்து தங்கையோடு பேசிக்கொண்டிருந்தாள். பெரியவள் வந்து நின்றாள். "வாசலை அடைச்சுக்கிட்டு இப்படிக் கையை வீசினா, போறவங்க வர்றவங்க என்னன்னு நினைப்பாங்க?" வாயசைவைப் படிப்பதில் சின்னவள் கெட்டிக்காரி, ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. எழுந்துவிட்டாள். அந்தப் படியில் இனி உட்காருவதில்லை என்று அப்போதே முடிவு செய்தாள். அதோடு, கைப்பேச்சில் கிசுகிசுக்க முடியாது. தளத்தில் நின்று பேசினால் அக்கா தங்கை ரகசியம் அத்தனையும் ஊருக்குப் படம் காட்டியது போலாகிவிடும்.

தங்கை கர்ப்பமாக இருந்தாள். மாதம் ஏற ஏற அவளுக்கு ஒரே கவலை. "வலி வந்தா நர்ஸ் என்ன சொல்றாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? மாஸ்க் போட்டிருப்பாங்க, வாயைக்கூடப் பாக்க முடியாது. எழுதிக் காட்டினா அந்த வலியில யார் படிக்கறது?" அவளே ஒரு வழியும் சொன்னாள். "வீடியோவை வச்சிடறேன். நர்ஸ் சொல்றதை மாமா கேட்டு உன்கிட்ட சொல்லட்டும். நீ எனக்குக் கைகாட்டு. ஆஸ்பத்திரில கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க."

சொல்லி வாய்மூடவில்லை — கைமூடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும் — படம் உறைந்துவிட்டது. கடைசியாக அவள் சொல்ல வந்தது "குழந்தை புரண்டிருக்கு" என்பது. பாதிக் கையில் நின்றுபோனதால் அது "நான் விழுந்துட்டேன்" என்று தெரிந்தது. தங்கையிடமிருந்து மெசேஜ் வந்துசேரும்வரை சின்னவளுக்கு உயிர் உயிராக இல்லை.

"இதை இப்படியே விடமாட்டேன்" என்றாள் கணவரிடம்.

"எதை?"

"இந்த சிக்னலை."

மறுநாளே வேலை முடிந்து மொபைல் ரிப்பேர் கடைக்குப் போனாள். கடைக்காரர், வீடியோவில் பேச அவள் வைத்திருந்த பழைய லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தாளில் எழுதிக் காட்டினார்: உள்ளே இருக்கிற ஆன்டெனா செத்துவிட்டது, யூஎஸ்பியில் செருகுகிற வைஃபை அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கட்டைவிரல் நீளம்தான் இருந்தது அது. அதோடு ஒரு நீட்டிப்பு ஒயரும் வாங்கினாள். ரொம்ப நீளம் வேண்டாம், ஒயர் நீண்டால் அடாப்டருக்கு மூச்சுமுட்டும் என்று அவரே தடுத்துக் குட்டையானதைக் கொடுத்தார்.

அடாப்டரை ஜன்னல் கம்பியில் கட்டியதும் கொஞ்சம் தேறியது. கொஞ்சம்தான். அவள் கொஞ்சத்தோடு நிற்பவள் அல்ல. சாப்பாட்டு நேரத்தில் பேச்சு கீழே எழுத்தாக ஓடுகிற வீடியோக்களைத் தேடிப் பார்த்தாள். பால்பவுடர் டின்னில் துளைபோட்டு அடாப்டரைச் செருகினால் சிக்னல் ஒரே பக்கம் குவியும் என்றார் ஒருவர். செய்து பார்த்தாள். இருந்ததும் போயிற்று. டின்னின் அகலமும் துளை இருக்கும் இடமும் கணக்காக இருக்க வேண்டுமாம். அவளுடைய டின் ஒல்லி. அடுத்து அட்டையை வளைத்து அலுமினியத் தாள் ஒட்டினாள். அது வேலை செய்தது. ஆனால் மின்விசிறியைப் போட்டதும் அட்டை பறந்து கணவரின் சாப்பாட்டுத் தட்டில் விழுந்தது.

பிறகுதான் சமையலறையில் தொங்கிய அந்தப் பெரிய கம்பிச் சல்லடை கண்ணில் பட்டது. கிண்ணம்போல் குழிந்தது, இரும்புக் கம்பி வலை. அதை முன்வீட்டைப் பார்க்கத் திருப்பி நிறுத்தி, நடுவே ஒரு மரக்கரண்டியைக் கட்டி, கரண்டி நுனியில் அடாப்டரை ரப்பர் பேண்டால் பிணைத்தாள்.

கணவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "சல்லடையில தண்ணி அள்ளறவங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். நீ சிக்னல் அள்ளப் போறியா?"

"தண்ணி ஒழுகும். இது ஒழுகாது. கையை மடக்கிட்டு லேப்டாப்பைப் பாருங்க."

அவர் திரையில் சிக்னல் கோடுகளைப் பார்த்துக்கொண்டு விரலால் எண்ணிக் காட்ட, அவள் அடாப்டரைச் சல்லடைக்குள் முன்னும் பின்னும் நகர்த்தினாள். அடிக்கு மிக அருகே வைத்தால் பலனில்லை, வாய்க்கு வெளியே வந்தாலும் பலனில்லை. இடையில் ஓர் இடம் இருந்தது. அங்கே வந்ததும் அவர் விரல்கள் முழுதாக விரிந்தன. அந்த இடத்தில் நூல் சுற்றி முடிச்சுப் போட்டாள். அன்று தங்கையின் முகம் பொட்டுப்பொட்டாக உடையாமல் வந்தது. இருவரும் கை வலிக்கும்வரை பேசினார்கள்.

ஆனால் சில நாட்களில் மட்டும் எல்லாம் குட்டிச்சுவராகிப் போனது. அடாப்டர் அதே இடம், சல்லடை அதே இடம், படம் மட்டும் நொண்டியது. சின்னவள் யோசித்தாள், காத்திருந்து கவனித்தாள். பெரியவள் போர்வைகளைத் துவைத்துக் கொடியில் போடுகிற நாளெல்லாம் சிக்னல் படுத்தது. போர்வை காயக் காய எழுந்தது. தண்ணீர் வைஃபை அலையைக் குடித்துவிடும் என்று பிறகு ஒரு வீடியோவிலும் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

கணவரை அழைத்துக்கொண்டு முன்வீட்டுக்குப் போனாள். அவர் தலையைச் சொறிந்தபடி, "அண்ணி, போர்வையைக் கொஞ்சம் அந்தப் பக்கமா..." என்று தொடங்கினார்.

"என்னாச்சு போர்வைக்கு?"

"ஈரப் போர்வை வைஃபையை மறைக்குதாம்."

பெரியவள் இடுப்பில் கைவைத்தாள். "என் வைஃபை, என் கொடி, என் போர்வை. மூணும் ஒண்ணுக்கொண்ணு சண்டை போடுதுன்னு பஞ்சாயத்துக்கு வந்தீங்களா? வெயில் படற இடம் அது ஒண்ணுதான்."

சின்னவள் அவள் வாயைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள், திரும்பி நடந்தாள். கெஞ்சுவதைவிட ஏறுவது சுலபம் என்று தோன்றியது. வீட்டு அலமாரிக்கு மேலே, கூரையை ஒட்டி, காற்றுக்காக ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் கொடிக்கு மேலாக முன்வீட்டு ஜன்னல் நேராகத் தெரிந்தது. சல்லடையை அங்கே தூக்கி வைத்தாள். ஒயர் குட்டை, லேப்டாப்புக்கு எட்டவில்லை. அதனால் கட்டிலை அலமாரியோடு ஒட்டி, கட்டில்மேல் ஸ்டூல் போட்டு, ஸ்டூல்மேல் லேப்டாப். பேச வேண்டுமென்றால் கட்டிலில் நின்றுகொண்டுதான் பேச வேண்டும். "மேடைப் பேச்சாளர் ஆயிட்டே" என்றார் கணவர். பெரியவள் அடுத்த முறை போர்வை போட்டாள். படம் கலையவே இல்லை.

தங்கைக்கு வலி வந்தது ஒரு நண்பகலில், சின்னவளுக்கு விடுமுறை நாளில். டாக்டர் சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. திரையில் தங்கை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். அவள் புருஷனை வெளியே நிறுத்தியிருந்தார்கள். நர்ஸ் போனை ஒரு தாங்கியில் நிறுத்திவிட்டு ஏதோ பேசினாள். மாஸ்க் மட்டும் அசைந்தது. சின்னவள் கணவருக்கு மெசேஜ் மேல் மெசேஜ் போட்டாள். ஒன்றையும் அவர் பார்க்கவில்லை. சலூனில் யாருடைய தலையோ அவர் பிடியில்.

தங்கை திரையிலிருந்து கேட்டாள்: "என்ன சொல்றாங்க? அக்கா, என்ன சொல்றாங்க?"

கட்டிலிலிருந்து குதித்தாள் சின்னவள். எந்தப் படியில் இனி உட்காருவதில்லை என்றிருந்தாளோ அந்தப் படியைத் தாண்டி உள்ளே போய், சமைத்துக்கொண்டிருந்த பெரியவளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"ஏய், அடுப்புல எண்ணெய் இருக்குடி!"

சின்னவளே அடுப்பை அணைத்தாள். வயிற்றைக் காட்டினாள், பின்வீட்டைக் காட்டினாள், தன் காதைத் தொட்டுப் பெரியவளின் காதைத் தொட்டாள். பெரியவளின் முகம் மாறியது. அதற்குமேல் இழுக்க வேண்டியிருக்கவில்லை. அவளே முன்னால் ஓடினாள்.

கட்டிலில் இருவரும் ஏறி நின்றார்கள். நர்ஸ் பேசினாள். பெரியவள் திரையைப் பார்த்துக்கொண்டே திருப்பிச் சொன்னாள். சின்னவள் அவள் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். 'என்னைப் பார்த்துச் சொல்லுங்க.' இத்தனை வருஷமாகப் பெரும்பாலும் முதுகைக் காட்டியே பேசிப் பழகிய பெரியவள் அப்படியே நின்று, வாயைத் திறந்து நிதானமாகச் சொன்னாள்: "மூச்சை... இழுத்து... விடணுமாம்."

சின்னவள் கை திரைக்குப் போயிற்று. தங்கை மூச்சை இழுத்து விட்டாள்.

"தள்ளணுமாம். நல்லா."

தங்கை தள்ளினாள். பெரியவளும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே முக்கினாள். வெளியே கொடியில் போர்வைகள் சொட்டிக்கொண்டிருந்தன. திரையில் தங்கை நெற்றி வியர்வை தனித்தனியாகத் தெரிந்தது.

திடீரென்று நர்ஸின் கை உயர்ந்தது. பெரியவள் முகம் வெளுத்தது. அவள் வாய் வேகமாக ஓடியதில் சின்னவளுக்குப் பாதிதான் பிடிபட்டது. தள்ளு என்கிறாளா, தள்ளாதே என்கிறாளா? சின்னவள் இரண்டையும் கையால் காட்டித் தலையை ஆட்டிக் கேட்டாள். பெரியவள் தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள். "தள்ளக் கூடாது! கொடி... கொடி..." அந்தச் சொல் சின்னவளுக்குப் புரியவில்லை. பெரியவள் ஜன்னல் வழியே தெரிந்த துணிக்கொடியைச் சுட்டி, தன் வயிற்றைத் தொட்டு, விரலால் கழுத்தைச் சுற்றிக் காட்டினாள்.

சின்னவள் திரைப் பக்கம் திரும்பினாள். கை தடுமாறவில்லை. "தள்ளாதே. நிறுத்து. ஊதற மாதிரி மூச்சு விடு, சின்னச் சின்னதா. என் கையையே பாரு." கழுத்தைச் சுற்றிய விஷயத்தை அவள் சொல்லவில்லை. தங்கையின் கண் அவள் கையை விட்டு நகரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, ஊதி ஊதி மூச்சு விட்டாள். நர்ஸின் தோள் அசைந்தது. பிறகு அவள் தலையாட்டினாள்.

"இப்போ தள்ளு" என்றாள் பெரியவள். இந்த முறை அவளே இரண்டு கையையும் முன்னே நீட்டித் தள்ளிக் காட்டிவிட்டாள், சின்னவளுக்கு முன்னாலேயே.

பெண் குழந்தை. அது அழுததைப் பெரியவள் மட்டும் கேட்டாள். "அழுவுதுடி! நல்லா சத்தமா அழுவுது!" என்று சின்னவளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். சின்னவள் அதைத் தங்கைக்கு இரண்டு முறை சொன்னாள்.

கணவர் ஓடி வந்தபோது இரண்டு மருமகளும் கட்டிலில் கால்நீட்டி உட்கார்ந்து ஒரே சொம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். "எங்கே, நான் என்ன கேட்டுச் சொல்லணும்?" என்றார் மூச்சிரைக்க.

"போய் அந்தத் தலையைப் பாதியில விட்டுட்டு வந்தீங்களே, அதை முடிங்க" என்றாள் பெரியவள்.

அதற்குப் பிறகு இருவரும் உடன்பிறப்பாகிவிட்டார்கள் என்று சொன்னால் பொய். போர்வை அதே இடத்தில்தான் காய்ந்தது, வாசலில் செருப்புக் கிடந்தால் பெரியவள் இன்னும் கத்தினாள். ஆனால் எதிரே வந்து நின்று கத்தினாள், வாய் தெரியும்படி.

தங்கை வீடு திரும்பியதும் ஒரு புதுத் தொல்லை. இந்தப் பக்கம் படம் கண்ணாடிபோல் இருக்க, அவள் பக்கம்தான் உடைந்தது. போதாக்குறைக்குக் குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் பேசினாள். பாதிச் சொல் குளறிப்போயிற்று.

"ரவுட்டர் எங்கே வச்சிருக்கே?" என்று கேட்டாள் சின்னவள்.

"ஃபிரிட்ஜுக்குப் பின்னால."

"இரும்புப் பெட்டிக்குப் பின்னால ஒளிச்சு வச்சா அது எப்படி வெளியே வரும்? எடு."

"இவளை வச்சுக்கிட்டு நான் எதை எடுக்கறது?"

"உன் புருஷன் தச்சர்தானே? ஒரு பலகை அடிக்கச் சொல்லு. ஆள் உயரத்துக்கு மேல, சுவர் நடுவுல. இப்பவே."

திரையில் தச்சர் வந்து கும்பிட்டுவிட்டு அளவுகோலை எடுத்தார். பலகையைச் சுவரில் வைத்து, இங்கேயா என்று பார்த்தார். சின்னவள் இன்னும் மேலே என்றாள். இன்னும் கொஞ்சம். இன்னும். அவர் ஸ்டூல் கொண்டுவரப் போனார். அதற்குள் தங்கை குழந்தையை மடியில் கிடத்திவிட்டு, விடுபட்ட இரண்டு கையாலும், காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் சொல்லத் தொடங்கினாள்.