வளையலில் மூன்று ஊக்குகள்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. பம்பு, மோட்டார், டிராக்டர் என்று எல்லாவற்றுக்கும் ரப்பர் வளையங்கள் செய்கிறோம். என் விமானத்தின் எரிபொருள் வடிகட்டியிலும் அதே அளவில், அதே ரப்பரில் ஒரு வளையம் உண்டு. அது இற்றுப்போனால் என் பட்டறையிலிருந்து ஒன்றை எடுத்துப் போட எனக்கு அனுமதி கிடையாது. கடல் தாண்டி, தனி உறையில், சான்றிதழோடு வந்த வளையத்தைத்தான் போட வேண்டும். அந்தச் சான்றிதழ் தொலைந்துவிட்டால் வளையமும் குப்பைதான்.

விமானம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒற்றை என்ஜின், தலைக்கு மேலே இறக்கை. நான்கு பேர் உட்காரலாம் என்று செய்தவன் சொல்கிறான், மூன்றாவது ஆள் ஏறினாலே முழங்கால் இடிக்கும். என்னைவிடச் சில வயதுதான் இளையது. விமான நிலையத்தின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் நிற்கிறது. அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. நான் நாற்பதைத் தாண்டித்தான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஏன் என்று கேட்பவர்களுக்கு ஆசை என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை. உப்பளத்தில் எங்கள் தெருவில் கூரியர்காரருக்கு ‘பிளேன்காரர் வீடு’ என்றே வழி சொல்கிறார்கள். அந்தப் பிளேன் மாதத்தில் இரண்டு மணி நேரம் பறந்தால் அதிகம் என்பது தெருவுக்குத் தெரியாது.

பறக்காமல் சும்மா நின்றாலும் அதற்கு வயதாகும் என்பதுதான் சட்டத்தின் பார்வை. எண்ணெய்க் குழாய் புதிதுபோல இருக்கும், ஆனால் காலக்கெடு முடிந்தால் மாற்ற வேண்டும். முன்னால் சுழலும் விசிறியைக் கழற்றி வெளியூருக்கு அனுப்பி, பிரித்துப் பார்த்துத் திரும்பப் பூட்ட வேண்டும். இருக்கைப் பட்டைக்குக் கெடு, பேட்டரிக்குக் கெடு. தீயணைப்பு உருளையை எடைபோட்டு எழுத வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை எல்லாக் காகிதத்தையும் பார்த்துவிட்டு, பறக்கத் தகுதி உண்டு என்று சான்றைப் புதுப்பிப்பார்கள். ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தாலும் நடக்காது. ஆரம்பத்தில் இதற்கெல்லாம் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். பிறகு, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் மாமாவுக்குத் தலையாட்டுவதுபோல ஆட்டப் பழகிவிட்டேன்.

டயருக்குக் காற்று அடிப்பது, எண்ணெய் மாற்றுவது போன்ற சில வேலைகளை உரிமையாளரே செய்யலாம். மற்றதற்கெல்லாம் உரிமம் பெற்ற பொறியாளர் வர வேண்டும். என் பொறியாளர் புதுச்சேரியில் பிறந்து சென்னையில் குடியேறியவர். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்தில், மடியில் கருவிப்பெட்டியை வைத்துக்கொண்டு வருவார். சிரிக்க மாட்டார். எழுதியதை வாய்விட்டு மூன்று முறை படித்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். முதல் நாளே விமானத்தின் இடப்பக்கம் கதவுக்கு முன்னால் இருக்கும் ஒரு வட்டத் தகட்டைக் காட்டினார். அதன் நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை. வெளிக்காற்றின் அழுத்தம் அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது, உயரம் காட்டும் மீட்டரும் வேகம் காட்டும் மீட்டரும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

“இந்த ஓட்டைல ஈர்க்குச்சி கூட வுடாதீங்க சார். அடச்சிக்கினா எனக்கு போன் பண்ணுங்க” என்றார்.

என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸாக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள். விமானம் வாங்கி எட்டு வருடமாகியும் ஒருமுறைகூட அதில் ஏறவில்லை. பயம் இல்லை, நிபந்தனை. “ரிட்டையர் ஆனதும் ஏர்றேன். அன்னிக்கு உங்க பேப்பர் எல்லாம் சரியா இருக்கணும்” என்று சொல்லியிருந்தாள். அவள் வார்டில் எழுதாத ஊசி போடாத ஊசி. என்னை ஓட்டுநராக அவள் சந்தேகப்பட்டதில்லை. சோம்பேறி என்று மட்டும் உறுதியாக நம்பினாள். பக்கத்து இருக்கையில் அவள் உட்கார வேண்டும் என்பது அந்த எட்டு வருடமும் எனக்கு இருந்த ஆசை. அதை அவளிடம் அவ்வளவு பட்டவர்த்தனமாகச் சொன்னதில்லை.

போன வருடம் அவள் ஓய்வு பெற்றாள். அந்த முறை காகிதங்களும் அதிசயமாக ஒன்றுகூடின. பொறியாளர் வந்து எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சான்று புதுப்பிக்கும் தேதிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. நடுவில் ஆயுத பூசை வந்தது.

பட்டறையில் பூசையை முடித்துவிட்டு இருவரும் கொட்டகைக்குப் போனோம். அவள் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. நான் மூன்று சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் சந்தனக் கிண்ணத்தோடு விமானத்தைச் சுற்றி வந்தாள். விசிறிக்கு, கதவுக்கு, இறக்கையைத் தாங்கும் கம்பிக்கு என்று பொட்டு வைத்தாள். இடப்பக்கம் போனபோது, பொட்டு வைப்பதற்கென்றே செய்ததுபோல ஒரு வட்டத் தகடு அவள் கண்ணில் பட்டிருக்கிறது. நல்ல கெட்டியான சந்தனம், பன்னீர் விட்டுக் குழைத்தது. நடுவில் குங்குமம். நான் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பறப்பதாக ஏற்பாடு. வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் அனுமதி வாங்கியாயிற்று. அவள் பருத்திப் புடவை கட்டி, தலையை இறுக்கிப் பின்னி, கைப்பையை நெஞ்சோடு பிடித்தபடி நின்றாள். கிளம்புமுன் விமானத்தைச் சுற்றி வந்து பார்ப்பது வழக்கம். இடப்பக்கம் வந்ததும் நின்றேன். சந்தனம் காய்ந்து, விளிம்பில் வெடித்து, தகட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஈரத் துணியால் துடைத்தேன். தகடு பளிச்சென்று ஆனது, துளைக்குள் மட்டும் மஞ்சள் தெரிந்தது. பொறியாளர் சொன்னது நினைவில்லாமல் இல்லை. அவரைக் கூப்பிட்டால் அவர் வர நாளாகும். குழாயைக் கழற்றினால் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும், அதற்கான கருவியை இரவல் வாங்க வேண்டும், அந்தக் கருவிக்கும் ஒரு சான்றிதழ் வேண்டும். அதற்குள் சான்றின் தேதி போய்விடும். இவள் மறுபடி எப்போது வருவாளோ.

அவள் வளையலில் எப்போதும் மூன்று ஊக்குகள் தொங்கும். “ஒரு ஊக்கு குடு” என்றேன்.

“எதுக்கு?”

“சும்மா குடு.”

கொடுத்தாள். துளைக்குள் விட்டு இரண்டு முறை திருப்பினேன். மஞ்சள் மறைந்தது. ஊதிப் பார்த்தேன், பார்வைக்கு எல்லாம் சுத்தம். திரும்பினால் அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“இன்னா பண்றீங்க?”

சொன்னேன். துளை எதற்கு என்பதையும் சொன்னேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னேன்.

“ஊக்கால குத்தலாம்னு போட்டிருக்கா?”

“இல்ல.”

“புக்ல எழுதுனீங்களா?”

ஊக்கை ஈரத் துணியில் துடைத்தேன். அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கொட்டகை நிழலுக்குப் போய் நின்றாள். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. “நீ வெச்ச சந்தனந்தான் அது” என்றேன். சொன்ன கணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் வார்த்தை வெளியே போய்விட்டது.

“ஆமா, நாந்தான் வெச்சேன். தெரியாம வெச்சேன். நீங்க தெரிஞ்சே குத்துனீங்க” என்றாள். சத்தம் போடவில்லை. வார்டில் டாக்டர் தப்பாக எழுதிய மருந்துச் சீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போதும் இப்படித்தான் பேசியிருப்பாள்.

விமானத்துக்குள் ஒரு குறிப்பேடு உண்டு. குறை என்று அதில் ஒரு வரி எழுதினால், அந்தக் குறை தீர்ந்தது என்று பொறியாளர் கையெழுத்துப் போடும்வரை விமானம் நகரக் கூடாது. பேனாவைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எழுதினேன். இடப்பக்க அழுத்தத் துளையில் சந்தனம். உரிமையாளர் ஊக்கால் குத்தியிருக்கிறார். எழுதியதை அவளிடம் காட்டினேன். படித்துவிட்டுத் தலையாட்டினாள். ஸ்கூட்டரில் உப்பளம் திரும்பினோம்.

பொறியாளர் பன்னிரண்டாம் நாள் வந்தார். சான்றின் தேதி அதற்குள் முடிந்திருந்தது. அவளும் வருவேன் என்று சொல்லி வந்தாள். அவர் மீட்டர்களுக்குப் பின்னால் படுத்துக் குழாயைக் கழற்றினார். கீழே வெள்ளைத் தாளை விரித்து, குழாயை மெல்லத் தட்டினார். நொய்யரிசி அளவில் மஞ்சளாக ஒன்று விழுந்தது. நான் குத்தியதில் துளையிலிருந்து உள்ளே போனது அது.

“மதாம், இதப் பாருங்க” என்று அவளைக் கூப்பிட்டார். என்னைக் கூப்பிடவில்லை. “இது ஒரு எடத்துல நிக்காது. மேல போனப்பறம் நவுந்து அடச்சிருந்தா, கீழ வர்றப்போ ஒசரம் காட்டுற முள்ளு அப்படியே நிக்கும். வேகம் இருக்குன்னு மீட்டரு சொல்லும். உண்மையில இருக்காது.”

வேகம் போதாமல் தரைக்கு அருகில் ஒரு விமானம் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். பக்கத்து இருக்கையில் யார் இருந்திருப்பார்கள் என்பதும் தெரியும். அவமானமாக இருந்தது. அவள் அந்தத் துணுக்கைக் கண்ணாடி போட்டுப் பார்த்தாள், தாளை மடித்து அவரிடமே கொடுத்தாள்.

சோதனைகள், கடிதங்கள், மறுபடி ஆய்வு என்று சான்று வந்து சேர்வதற்குள் பொங்கல் தாண்டிவிட்டது. அதுவரை நான் பறக்கச் சொல்லி அவளைக் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது அவளே, “நாளைக்குப் போலாமா?” என்றாள்.

கொட்டகையில் முதலில் குறிப்பேட்டைக் கேட்டாள். நின்றபடியே கடைசிப் பக்கம் வரை படித்தாள். நான் எழுதிய வரியும், அதற்கு எதிரே பொறியாளரின் கையெழுத்தும் இருந்தன. நான் சுற்றி வந்தபோது அவளும் பின்னாலேயே வந்தாள். வட்டத் தகடு சுத்தமாக இருந்தது. பிறகு ஸ்கூட்டர் அருகே போய், டிக்கியைத் திறந்து, வளையலிலிருந்து மூன்று ஊக்குகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளே போட்டுப் பூட்டினாள்.

“அத எதுக்குக் கழட்டுற?”

“கைல இருந்தா நீங்க கேப்பீங்க. நானும் குடுத்துருவேன்” என்றாள். புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.