சாயம் அடித்த மரம்

மகள் பல்கலைக்கழகத்தில் வனவியல் எடுத்தபோதே எனக்குச் சந்தேகம். காட்டைப் படித்தவளுக்கு மரம் வெட்டும் கம்பெனிக்காரனைத் தவிர வேறு யார் வேலை கொடுப்பான்?

மெர்சிங் பக்கத்துக் காட்டில் அவள் பயிற்சியில் இருந்தபோது பார்க்கப் போனேன். பெரிய மரமொன்றில் சிவப்புச் சாயம் அடித்துக்கொண்டிருந்தாள். பாலோ தோட்டத்தில் நான் பால் வெட்டிய காலத்தில், சாயம் அடித்த ரப்பர் மரம் எதுவும் பிழைத்ததில்லை.

“எந்தத் தவுக்கே முதலாளிக்கு இதை வெட்டிக் கொடுக்கப் போற?” என்று கத்திவிட்டேன்.

“அலமாக், அப்பா! இது தாய் மரம். இது விதை போட்டாத்தான் காடு திரும்ப வரும். வெட்டக்கூடாதுன்னுதான் சாயம் அடிக்கிறோம். நாளைக்கு வேலையில சேர்ந்தாலும் இதைத்தான் செய்வேன்.”

நம்பாமல் மரத்தைச் சுற்றி வந்தேன். முன்பே சாயம் அடித்திருந்த பக்கத்து மரங்களில்கூடக் கோடரி பட்ட தடமே இல்லை.

இன்றும் சாயம் அடித்த மரத்தைக் கண்டால் முதலில் சந்தேகம்தான் வருகிறது. பிறகுதான், யார் பெற்ற பிள்ளை இதைக் காப்பாற்றியதோ என்று நினைத்துக்கொள்கிறேன்.