ஆற்றங்கரையில் நின்ற சிவப்புச் சால்வை

பேய், பிசாசு என்று யாராவது தொடங்கினால் எழுந்து தேநீர் ஊற்றப் போகிற ஆள் நான். உங்களுக்கும் இப்போது அப்படித்தான் இருக்கும். இருந்தாலும் கேளுங்கள், இது பட்டப்பகலில் நடந்தது.

டென்மார்க்கில் ஹோர்சன்ஸ் நகரில் வயதானவர்களை வீடுவீடாகப் போய்ப் பராமரிப்பது என் வேலை. அதில் ஒரு டேனிஷ் கிழவரின் வரவேற்பறையில் பெரிய இயற்கைக்காட்சி ஓவியம் ஒன்று தொங்கியது, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ஒருவர் வரைந்த அசல். மேகம், ஆறு, கரையில் சிவப்புச் சால்வையோடு முதுகு காட்டி நிற்கும் விரல்நுனி அளவுப் பெண். எனக்குப் பிடித்துப்போய் ஒருநாள் போட்டோ எடுத்துக் கணவருக்கும் அனுப்பினேன்.

அது நடந்தது பிறகொரு வெள்ளிக்கிழமை. வீட்டில் சாமிப் படங்களை ஈரத்துணியால் துடைத்துக் குங்குமம் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். அந்தப் பழக்கதோஷத்தில் அங்கேயும் என் கை ஓவியத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டது. அதற்குக் கண்ணாடி இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. நிமிர்ந்து பார்த்தால் பெண்ணைக் காணவில்லை. துணியில் ஒரு பொட்டுச் சிவப்புக்கூட இல்லை.

என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். பயத்தில் துணியைக் கைப்பைக்குள் திணித்தேன். அந்த நேரம் பார்த்துக் கிழவரின் மகள் வந்தார். ஒளிக்க மனம் வராமல், படத்தில் நின்ற பெண்ணை அழித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் ஓவியத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், இதில் ஒருநாளும் ஆள் நின்றதில்லையே என்றார். கிழவர் மட்டும் என் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கா சந்தேகம் விடும்? மகள் எதையோ மறைக்கிறார் என்று நினைத்து வெளியே வந்ததும் போட்டோவைத் திறந்தேன். அதிலும் வெறும் கரை. வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டேன்.

"நான் அனுப்பின படத்திலை ஒரு பொம்பிளை நிண்டவ தானே?"

"ஓம், சிவப்புச் சால்வையோட. ஏன்?"

அவருடைய ஃபோனிலும் தேடினோம். கரைதான் இருந்தது. அந்தத் துணியைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன்.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை துடைக்குமுன் சாமிப் படத்தில் நிற்பவர்களை எண்ணுவேன்: முருகன், வள்ளி, தெய்வானை. போன வெள்ளி, மயிலுக்குப் பின்னால், மலையடியில் ஒரு சின்னச் சிவப்பு தெரிந்தது.

"இஞ்சரும், அது குங்குமம் சிந்தினது. துடைச்சுவிடும்" என்றார் கணவர்.

சொன்னாரே தவிர, அவரும் கிட்டப் போகவில்லை. நான் இன்னும் துடைக்கவில்லை.