அடைக்கலமேரி மொசாம்பிக் போன கதை

அடைக்கலமேரியும் அவள் கணவர் ஜஸ்டினும் பாஸ்போர்ட் எடுத்ததே ஜெருசலேம் போகத்தான். ஆவூர்ப் பங்குக் கோயிலிலிருந்து கிளம்ப இருந்த அந்தத் திருப்பயணம், அங்கே சண்டை மூண்டதால் நின்றுபோனது. பீரோவில் சும்மா கிடந்த அவளுடைய பாஸ்போர்ட்டில் முதல் முத்திரை விழுந்தது ஆப்பிரிக்காவில், மொசாம்பிக் நாட்டில். அடைக்கலமேரி அங்கே போனது முந்திரிக்கொட்டை வாங்க.

ஆதனக்கோட்டைப் பக்கம் அவர்களுக்கு முந்திரி உடைக்கும் கொட்டகை ஒன்று இருக்கிறது. கஜா புயல் சுற்றுவட்டார மரங்களையெல்லாம் சாய்த்துவிட்டுப் போன பிறகு உள்ளூர்க் கொட்டை போதவில்லை. தரகர்களிடம் வெளிநாட்டுக் கொட்டை வாங்கினால் மூட்டையில் மேலே நல்லதும் அடியில் சொத்தையுமாக இருந்தது. அக்கம்பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் சேர்ந்து, நேரிலேயே போய் ஒரு கண்டெய்னர் வாங்கி வருவதென்று முடிவு செய்தார்கள். போக வேண்டியவர் ஜஸ்டின். டிக்கெட் போடும் நேரத்தில் அவர் கொட்டகையில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார்.

“நீ போயிட்டு வா மேரி,” என்றார், மாவுக்கட்டுக் காலைத் தலையணைமேல் வைத்தபடி.

“திருச்சியத் தாண்டி நான் தனியாப் போனதே இல்லைங்க.”

“கொட்டைய அள்ளிப் பாத்தா ஒனக்குத் தெரியாதா? அங்கிட்டும் அதே கொட்டைதான்.”

சென்னையில் வேலை பார்க்கும் மகள் மெர்லின் போனிலேயே வகுப்பெடுத்தாள். “அம்மா, அங்க போயி தரையில குந்திக்கிட்டு கொட்டை பொறுக்காத. நீ வாங்குற பார்ட்டி. சேர்ல ஒக்காரு, அவங்க எடுத்துக் காட்டட்டும்.”

மூன்று விமானம் மாறி நம்புலா என்ற ஊரில் இறங்கியதும் முகத்தில் அடித்த வெக்கை அவளுக்கு நன்றாகத் தெரிந்த வெக்கை. அங்கே பல வருடமாக முந்திரி ஏஜென்டாக இருக்கும் தூத்துக்குடிக்காரர் சார்லஸ் ஜீப்போடு வந்திருந்தார். செம்மண் சாலை, மாமரம், மரவள்ளித் தோட்டம் என்று வழி நெடுக வந்துகொண்டே இருந்தன.

“என்னக்கா, எப்படி இருக்கு ஊரு?”

“வெளிநாடுன்னு சொல்லி, கறம்பக்குடி ரோட்டுல கொண்டாந்து விட்ட மாதிரி இருக்கு தம்பி.”

ஒன்றே ஒன்றுதான் அவளைத் திகைக்க வைத்தது. நம் பக்கம் சித்திரையில் பழுக்கிற முந்திரிப்பழம் அங்கே கார்த்திகையில் மஞ்சளும் சிவப்புமாகத் தொங்கியது. ஜீப்பை நிறுத்தச் சொல்லி ஒன்றைப் பறித்துக் கடித்தாள். அதே காறல், அதே இனிப்பு. உப்பும் மிளகாய்த்தூளும்தான் இல்லை.

கிராமத்துப் பெண்கள் கூடி நடத்தும் சங்கம்தான் கொட்டை விற்றது. தலைவி அமேலியா, அடைக்கலமேரியின் வயதுதான் இருக்கும். நல்ல ஆகிருதி, பெரிய சிரிப்பு. அவள் பேசிய போர்த்துகீசியத்தில் முந்திரிக்கான “கஜு” என்ற ஒரு சொல் மட்டும் அடைக்கலமேரிக்குப் பிடிபட்டது. “காஜு!” என்று இவளும் சொன்னாள். இருவரும் அதையே மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரித்தார்கள்.

மகள் சொன்னபடி அவள் பட்டுச்சேலையில் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். எதிரே முற்றம் முழுக்கக் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று மேற்கே இருட்டியது. மண்வாசம் வந்தது. அமேலியா ஏதோ கத்த, பெண்கள் நாலாபக்கமிருந்தும் ஓடிவந்தார்கள்.

“நீங்க உள்ள வாங்கக்கா,” என்றார் சார்லஸ்.

அதற்குள் அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முற்றத்தில் இறங்கியிருந்தாள். முறத்தால் ஒருத்தி, கையால் ஒருத்தி என்று எல்லோரும் வாரிச் சாக்கில் கொட்ட, மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. பாதிக்குமேல் நனைந்துவிட்டது. அமேலியா வாசற்படியில் உட்கார்ந்து முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டாள். அடைக்கலமேரி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முதுகில் கைவைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அமேலியா நிமிர்ந்து பார்த்து, தன் இடுப்புத் துணியின் முனையால் இவள் தலையைத் துவட்டத் தொடங்கினாள்.

“வேற ஊர்ல சரக்கு இருக்குக்கா,” என்று சார்லஸ் மெதுவாகச் சொன்னார்.

“இருக்கட்டும் தம்பி. இது காயட்டும், நான் இருந்து வாங்கிக்கிறேன்.”

ஊர் திரும்பும் டிக்கெட்டை அவள் தள்ளிப்போட்டது தெரிந்ததும் மற்றக் கொட்டகைக்காரர்கள் ஜஸ்டினைப் பிடித்து உலுக்கினார்கள். அவர் இவளைத் திட்டவில்லை. “சாப்பாடு ஒத்துக்குதா?” என்று மட்டும் போனில் கேட்டார். ஒத்துக்கொண்டது. மரவள்ளி இலையைத் தேங்காய்ப்பாலில் கடைந்து களியோடு கொடுத்தாள் அமேலியா. சாயங்காலம் இருவரும் ஜெபமாலை சொன்னார்கள். ஒருத்தி தமிழில், ஒருத்தி போர்த்துகீசியத்தில். “அருள் நிறைந்த மரியே” மந்திரம் முடிகிற இடம் மட்டும் எப்படியோ ஒத்துவந்தது. வெயில் திரும்பியதும் கொட்டை காய்ந்தது. பூஞ்சை பிடித்ததை அமேலியாவே தனியாக ஒதுக்கி, “இது வேண்டாம்” என்பதுபோல் தலையாட்டினாள்.

மாசியில் கண்டெய்னர் வந்தது. கொட்டகைக்காரர்கள் மூட்டையின் அடியைத்தான் முதலில் கிழித்துப் பார்த்தார்கள். மேலே இருந்தது போலவே அடியிலும் இருந்தது. ஆளாளுக்குப் பங்கு பிரித்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த ஐப்பசியில் ஜஸ்டினுக்குக் கால் நன்றாகத் தேறியிருந்தது. “இந்த வருஷம் நான் போயிட்டு வாரேன்,” என்றார். அதற்கு முந்தைய நாள்தான் அமேலியாவின் வாய்ஸ் மெசேஜை சார்லஸ் தமிழில் சொல்லி அனுப்பியிருந்தார். மேரி எப்போது வருகிறாள், அவளுக்கென்று பாய் போட்டு வைத்திருக்கிறேன் என்று இருந்தது அதில். அடைக்கலமேரி அதைப் போட்டுக் காட்டினாள்.

ஜஸ்டின் முழுதும் கேட்டார். பிறகு, “அப்ப ரெண்டு டிக்கெட்டாப் போடச் சொல்லு,” என்றார்.